அஞ்சு மாசத்துல மூணு அட்மிஷன்: வீடுதான் காரணமா?

#1 மாடிக்குக்கீழே (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பையனுக்கு ஆறு வயசு. ஆகஸ்ட்லேர்ந்து மூணு தடவை ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு. மூணு தடவையும் ஒரே கதைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு இருமல் ஆரம்பிக்கும், விலா எலும்பு உள்ள இழுக்கும், ஆட்டோ பிடிச்சு ஓடுவோம். நெபுலைசர், ஆக்ஸிஜன், மூணு நாள் வார்டு. ரெண்டாம் நாளே கட்டில்லேர்ந்து குதிச்சு விளையாடுவான். வீட்டுக்கு வந்தா பத்து நாள் தாங்கும், அப்புறம் மறுபடி வீசிங்.

கடைசித் தடவை ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, "எந்த ரூம்ல படுக்கறான்?"னு கேட்டாங்க. இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி. வந்து பீரோவை நகர்த்திப் பார்த்தேன். பின்னாடி சுவர் இடுப்பு உயரத்துக்கு மேல கறுப்பு. விரல் வெச்சா மை மாதிரி ஒட்டுது. பள்ளிக்கூட பெல்ட் ஒண்ணு கீழ விழுந்து கிடந்தது, அதுவும் பச்சையாப் பூத்திருக்கு.

வீடு தரைத்தளம், சென்னை, 450 சதுர அடி. அந்த ரூமுக்கு நேர் மேல மாடி வீட்டு பாத்ரூம். ஜன்னல் ஒண்ணு உண்டு, ரெண்டடி அகலச் சந்துப் பக்கம் பார்த்து. சாக்கடை நாத்தமும் கொசுவும் வருதுன்னு திறக்கறதே இல்லை. ஆறு மணியானா கொசுவர்த்தி.

எங்கப்பாவுக்கும் ஆஸ்துமா. அதனால பரம்பரைன்னு விட்டுடறதா, வீட்டை மாத்தறதா? மாத்தணும்னா அட்வான்ஸ், பேக்கர்ஸ், ஸ்கூல் வேன் எல்லாம் புதுசாப் பார்க்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 நைட்டூட்டி_சிஸ்டர்

தம்பி, முதல்ல கொசுவர்த்தியை நிறுத்துங்க. இன்னிக்கே. ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள விடற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட் விடறதுக்குச் சமம்னு 2003ல ஒரு ஆய்வு வந்தது. மூடின ஜன்னலுக்குள்ள, கட்டிலுக்கு அடியில வெச்சு எரிக்கறோம். புகை போக இடம் ஏது?

குழந்தைங்க வார்டுல பதினோரு வருஷமா இருக்கேன். ஐப்பசி பிறந்தா ரெண்டு கூட்டம் வரும். ஒண்ணு வீசிங், இன்னொண்ணு டெங்கு. ரெண்டும் வேற வேற நோய்தான். ஆனா அட்மிஷன் ரிஜிஸ்டர்ல அட்ரஸைப் பார்த்தா அதே தெருப் பேரு, சமயத்துல அதே கதவு எண். டெங்கு கொசு சாக்கடையில முட்டை போடாது, அதுக்கு நல்ல தண்ணி வேணும். மூடாத சம்ப், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, மொட்டை மாடில கிடக்கற பெயின்ட் டப்பா, இதெல்லாம் போதும். முட்டை போட்டு ஒரு வாரம், பத்து நாள்ல கொசுவாயிடும்.

இன்னொண்ணு, இன்ஹேலரை ஒழுங்காப் போடறீங்களா? "பழக்கமாயிடும்"னு பாட்டி சொன்னாங்கன்னு நிறுத்திட்டு வர்ற கேஸ்தான் எங்ககிட்ட பாதி. சுவரைப் பாருங்க, ஆனா மருந்தை விட்டுடாதீங்க.

#3 கணக்குப்பிள்ளை

எல்லாரும் வீட்டு மேல பழியைப் போடறீங்க. நான் பொறந்து வளர்ந்தது ஓலைக் குடிசையில. மழை பேஞ்சா உள்ள ஒழுகும், ஒம்போது பேர் படுப்போம். ஒருத்தருக்கும் இழுப்பு வந்ததில்லை. அப்பாவுக்கு ஆஸ்துமான்னா பேரனுக்கும் வரத்தான் செய்யும். வீட்டை மாத்தி ஒரு லட்சம் செலவு பண்ணிட்டு அங்கயும் இழுத்தா என்ன பண்ணுவீங்க?

#4 கொத்தனார்_மகன்

கணக்கு அண்ணே, ஓலைக்குள்ள காத்து பூந்து போகும். வாசல், கூரைக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளின்னு எங்க பார்த்தாலும் ஓட்டை. இப்ப நாம கட்டறது சிமென்ட் டப்பா. ஈரம் உள்ள வந்தா வெளிய போகாது. (ஒம்போது பேர்ல ஒருத்தருக்கும் வரலைன்னு உங்களுக்கு ஞாபகம். அந்தக் காலத்துல யாரு ரிஜிஸ்டர் வெச்சாங்க?)

தொடங்கினவருக்கு: ஓதத்துல (சுவத்துல ஏறற ஈரம்) மூணு வகை இருக்கு. எதுன்னு தெரியாம பெயின்ட் அடிச்சா காசு தண்டம்.

தரையிலேர்ந்து ஏறற ஓதம் மூணடி உயரத்தோட நின்னுடும், மேல் விளிம்புல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். அஸ்திவாரத்துக்கு மேல ஓதத் தடுப்புப் பூச்சு போடாம விட்டிருப்பாங்க. ரெண்டாவது, மழைத் தண்ணி. வெளிச்சுவர் வெடிப்பு வழியாவோ, சன்ஷேடு சேர்ற இடத்துலயோ இறங்கும், மழை நின்னு ஒரு மாசத்துல காஞ்சிடும். மூணாவதுதான் உங்களுது மாதிரி தெரியுது. மேல் வீட்டு பாத்ரூம்ல நஹானி ட்ராப் (தரைத் தண்ணி வெளிய போற வாய்) சேர்ற இடம் விட்டிருக்கும், இல்லாட்டி டைல்ஸ் சந்துல வெள்ளை சிமென்ட் போயிருக்கும். இது சித்திரை வெயில்லயும் காயாது, மேல தினம் குளிக்கறாங்களே!

ஒரு சோதனை பண்ணுங்க. மேல் வீட்டுக்காரங்க ஊருக்குப் போற வாரம் சுவரைத் தொட்டுப் பாருங்க. அந்த வாரம் மட்டும் ஈரம் குறைஞ்சா ஆள் அகப்பட்டாச்சு.

உள் பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்காதீங்க. தண்ணி உள்ளயே நின்னு ஆறு மாசத்துல பட்டியோட (பெயின்டுக்கு அடியில பூசற மாவு) உரிஞ்சு விழும். அப்புறம், பீரோவைச் சுவத்துலேர்ந்து அரையடி தள்ளிப் போடுங்க. காசு இல்லாம செய்யக்கூடியது அது ஒண்ணுதான்.

#5 ஓனர்_பேசுறேன்

ஓனர்னாலே வில்லன்னு நினைக்காதீங்க. எனக்கு இருக்கறது ஒரே ஒரு வீடு, ரிட்டயர்மென்ட் பணத்துல கட்டினது. குடியிருக்கறவங்க உள்ளயே துணி காயப்போடறாங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடறதில்லை, ஜன்னலை அடைச்சு டிவி ஸ்டாண்ட் வெச்சிருக்காங்க. பூசணம் பூக்காம என்ன செய்யும்? போன வருஷம் நாப்பதாயிரம் செலவு பண்ணி வெள்ளை அடிச்சேன், எட்டு மாசத்துல மறுபடி அதே கறுப்பு.

#6 கொத்தனார்_மகன்

சார், வெள்ளையடிச்சீங்க, சரி. ஒழுகற இடத்தை அடைச்சீங்களா?

#7 ஓனர்_பேசுறேன்

மேல் வீடு என்னுது இல்லையே தம்பி. அவர் துபாய்ல இருக்கார்.

#8 இல்ஃபோர்ட்_வாசி

ஓனர் ஐயா சொல்லுறது எனக்கு நல்லாப் பழகின கதை. இஞ்ச லண்டனிலையும் அதேதான். "நீங்கள் கறி கூடச் சமைக்கிறியள், உடுப்பை ஹீற்றரிலை போடுறியள், அதாலைதான் மோல்ட்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம்.

இங்கிலாந்திலை ரொச்டேல் எண்ட ஊரிலை நடந்தது ஞாபகம் இருக்கோ? அவாப் இஷாக் எண்டு ஒரு சின்னப் பிள்ளை. தாய் தகப்பன் சூடான் நாட்டுக்காரர். ஒரு படுக்கையறை ஃப்ளாட். தகப்பன் 2017 இலையே பூஞ்சணம் எண்டு அறிவிச்சவர். மேலாலை பெயின்ற் அடியுங்கோ எண்டு சொன்னவையாம். 2020 டிசம்பரிலை, ரெண்டு வயது நிரம்பி எட்டாம் நாள், பிள்ளை செத்துப்போச்சு. 2022 நவம்பரிலை கொரனர் (சாவுக்குக் காரணம் விசாரிக்கிற அதிகாரி) விசாரணை முடிவு வந்தது: வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசிச்சதாலை வந்த மூச்சு நோய்தான் காரணம். அந்தக் குடும்பம் வாளியிலை தண்ணி எடுத்துக் குளிக்கிறபடியாத்தான் ஈரம் எண்டு வீட்டு நிர்வாகம் தானே நினைச்சுக்கொண்டிருந்தது. அது பிழை எண்டு பிறகு ஒத்துக்கொண்டவை.

அந்தப் பிள்ளையின்ரை பேரிலை இப்ப சட்டம் இருக்கு. 2025 ஒக்டோபர் 27 இலை இருந்து சமூக வீடுகளிலை (கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடுற வீடு) ஆபத்து அவசரமெண்டா 24 மணித்தியாலம், மற்றப் பெரிய ஈரம், பூஞ்சணம் எண்டா பத்து வேலை நாளுக்குள்ளை வந்து பாக்கவேணும், ஆபத்து எண்டு கண்டா அஞ்சு வேலை நாளுக்குள்ளை பாதுகாப்பாக்க வேணும். நான் இருக்கிறது தனியார் வாடகை, எங்களுக்கு அது இன்னும் வரேல்லை. மகளுக்கு நெபுலைசர் வாங்கி வீட்டிலையே வைச்சிருக்கிறன்.

#9 சேத்துப்பட்டு_ரிட்டயர்டு

நான் காசநோய் ஆராய்ச்சி தொடர்பான வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் ஒரே பக்கமாகப் போவதால் ஒரு மறுப்பைச் சொல்கிறேன்.

1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூட்டாக நடத்தியது, தலைமை வாலஸ் ஃபாக்ஸ். அதுவரை காசநோய் என்றால் சானட்டோரியம்தான்: நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது அப்படித்தான், இன்றும் அந்த ரயில் நிலையத்துக்கு அதே பெயர்.

சேத்துப்பட்டில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானட்டோரியத்தில், பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே, நெரிசலான, இருட்டான, சத்துணவு இல்லாத வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உடன் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஊர் ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே "மோசமான வீட்டில் மருந்து வேலை செய்யாது" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். செய்யும். மெட்ராஸ்தான் அதை நிரூபித்தது.

#10 கணக்குப்பிள்ளை

அதான் நானும் சொன்னேன். ஐயாவுக்கு நன்றி.

#11 தாராவி_மூணாம்_தலைமுறை

கணக்கு அண்ணாச்சி, அவசரப்படாதீங்க. ஐயா சொன்னது வந்த நோய் குணமாகறதைப் பத்தி. நோய் ஏன் வருதுங்கறது வேற கேள்வி.

எங்க மும்பையில எம் ஈஸ்ட் வார்டுல, கோவண்டி, மான்குர்ட் பக்கம், குடிசைகளை எடுத்துட்டு அடுக்குமாடி கட்டிக் கொடுத்தாங்க. லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவுல மூணு மீட்டர்தான். கீழ் மாடி வீட்டுல மத்தியானம் பன்னெண்டு மணிக்கும் லைட்டு எரியணும். மேலேர்ந்து குப்பை விழும்னு ஜன்னலைச் சாத்தித்தான் வெச்சிருப்பாங்க. டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு ஐஐடி பம்பாய்க்காரங்களோட சேர்ந்து வீடு வீடாப் போய் ஆய்வு பண்ணினாங்க. வெளிச்சமும் காத்தும் குறைஞ்ச கீழ் மாடிகள்லதான் டிபி அதிகம். என் சித்தி பொண்ணு அங்க கட்டிக்கொடுத்தது, ரெண்டாவது மாடி. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டு நல்லாயிட்டா. அடுத்த வருஷம் அவ மாமியாருக்கு.

குடிசையில இருந்தப்ப தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல வானம் தெரியும்னு மாமியார் இப்பவும் சொல்லுவாங்க.

#12 சேத்துப்பட்டு_ரிட்டயர்டு

தம்பி சொல்வது சரி. அன்றைக்கே எங்கள் மூத்தவர்கள் இதைச் சொல்வார்கள்: மருந்து தொடங்குவதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று ஏறிவிட்டிருக்கும், அதனால்தான் அதன் பிறகு சானட்டோரியத்தில் வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் வித்தியாசம் இல்லை. நான் அந்த வரியை முதல் பதிவிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

#13 செஞ்சிக்காரி

ஒண்ணை மட்டும் சரி பண்ணினா போதும்னு நினைக்கறவங்களுக்காக எங்க மாவட்டத்துக் கதை. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள்ல, அதே ஆய்வுல குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகள்லயும் விறகடுப்பு வெச்சிருந்த கர்ப்பிணிப் பொண்ணுங்க சுமார் 3,200 பேரை எடுத்தாங்க. பாதிப் பேருக்குப் பதினெட்டு மாசம் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். இங்க நடத்தினது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆட்கள்.

கேஸ் வாங்கின பொண்ணுங்க சுவாசிச்ச நுண்துகள் நல்லாவே குறைஞ்சது. விறகு எரிச்சவங்களுக்கு ஒரு கன மீட்டருக்கு 71 மைக்ரோகிராம் வாக்குல, இவங்களுக்கு 24. ஆனா 2022ல முடிவு வந்தப்ப குழந்தையோட பிறப்பு எடையில பெருசா வித்தியாசமே இல்லை. 2024ல, ஒரு வயசுக்குள்ள வர்ற கடுமையான நிமோனியாவும் குறையலைன்னு வந்தது.

எனக்கு இது ரொம்ப நாள் புரியலை. எங்க சின்னம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தப்பதான் கொஞ்சம் புரிஞ்சது. அடுப்படியில கேஸ். வாசல்ல வெந்நீர் வைக்க விறகுதான். பக்கத்து வீட்டுல நெல்லு அவிக்கற புகை. உள்ள மண் தரை, குழந்தை அதுல தவழுது. அந்த மாதிரி மண் தரைக்கு சிமென்ட் பூசிக் கொடுத்தப்ப மெக்சிகோவுல குழந்தைகளுக்குக் குடல்புழு 78 சதவீதம், வயித்துப்போக்கு பாதி குறைஞ்சதுன்னு படிச்சேன். எதைத் தொட்டா எது குறையும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது போல. அதனால கேஸ் வேண்டாம்னு சொல்ல வரலை. சின்னம்மாவுக்குக் கண்ணெரிச்சல் போச்சு, அதுவே எனக்குப் போதும்.

#14 மூணாவது_மாடி

நுரையீரல், டிபி எல்லாம் பேசறீங்க. படிக்கட்டைப் பத்தி யாரும் பேசலை.

எங்கம்மாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நாங்க மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 54 படி. போகும்போது எப்படியோ பிடிச்சுப் பிடிச்சு இறங்கிடுவாங்க. வரும்போது பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வெச்சு நானும் எதிர்வீட்டுத் தம்பியும் தூக்கணும். ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் நாற்காலியைச் சாய்க்கணும், அப்ப அம்மா கண்ணை மூடிக்குவாங்க. அந்தத் தம்பிக்கு நைட் ஷிஃப்ட் விழுந்த வாரம் ஒரு டயாலிசிஸ் தவறிச்சு. அடுத்த நாள் மூச்சு முட்டி எமர்ஜென்சி, நாலு நாள் அட்மிஷன். பேப்பர்ல "டயாலிசிஸுக்கு ஒழுங்காக வருவதில்லை"ன்னு எழுதியிருந்தது.

தரைத்தளத்துல வீடு கிடைக்குமான்னு தேடறேன். கிடைச்சதெல்லாம் ஓதம் அடிச்ச வீடு.

#15 நைட்டூட்டி_சிஸ்டர்

மூணாவது மாடி அக்கா, அந்த வரியை எழுதினது எங்களை மாதிரி யாராவதுதான் இருக்கும். மன்னிச்சுக்கோங்க. டிஸ்சார்ஜ் சம்மரில நோய் பேரு, கொடுத்த மருந்து, திரும்ப வர வேண்டிய தேதி, எல்லாத்துக்கும் இடம் இருக்கு. எந்த வீட்டுக்குத் திரும்பிப் போறாங்கன்னு எழுத ஒரு கட்டம் இல்லை. எத்தனை படின்னு கேட்க எனக்கும் தோணினதில்லை. நாளையிலேர்ந்து நான் கேட்கறேன், கேட்டுட்டு எங்க எழுதறதுன்னுதான் தெரியலை.

வயசானவங்க வீட்டுல இருந்தா பாத்ரூமையும் பாருங்க. வழவழன்னு டைல்ஸ், பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது, வெளிய போடற மிதியடி வேற வழுக்கும். இடுப்பெலும்பு முறிஞ்சு வர்றவங்க "பாத்ரூம்ல"ன்னு சொல்லும்போது எனக்கு ஆச்சரியமே வர்றதில்லை. ஒரு ஸ்டீல் கம்பி, நாலு ஆணி.

#16 இல்ஃபோர்ட்_வாசி

சிஸ்டர் கேட்டதுக்கு: நியூசிலாந்திலை அப்பிடி ஒரு வழி இருக்கு. பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தா, வீடு ஈரமோ குளிரோ நெரிசலோ எண்டு பாத்து ஒரு குழுவுக்கு அனுப்புவினம். அவை திரைச்சீலை, கட்டில், ஹீற்றர், கூரைக்குக் கம்பளி மாதிரியான உறை எண்டு ஒழுங்குபண்ணிக் குடுப்பினம். அந்தத் திட்டத்துக்கு வந்த பிள்ளையளின்ரை ஆஸ்பத்திரி அனுமதி ஐஞ்சிலை ஒரு பங்கு அளவிலை குறைஞ்சதெண்டு மதிப்பீடு வந்திருக்கு. என்ரை மச்சாள் ஒக்லண்டிலை இருக்கிறா, அவவுக்கும் ஒரு திரைச்சீலை கிடைச்சதாம், தடிப்பானது.

#17 வாடகைக்காரன்_25வருஷம்

தொடங்கின தம்பிக்கு நடைமுறை யோசனை. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரிலேர்ந்து அமல்ல இருக்கு. கட்டிடம் சம்பந்தமான ரிப்பேர், குழாய் மாத்தறது, வெள்ளையடிக்கறது எல்லாம், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், ஓனர் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணியிருந்தாதான் பேச்சு எடுபடும். நம்மள்ல எத்தனை பேர் பண்ணியிருக்கோம்? ஒரு பத்திரத்துல பதினோரு மாசத்துக்குக் கையெழுத்து, அவ்வளவுதான்.

சட்டத்தை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, பதினோராவது மாசம் "பையன் கல்யாணம், வீடு வேணும்"னு வந்துடும். ஆஸ்பத்திரி பில்லையும் சுவர் போட்டோவையும் எடுத்துக்கிட்டு, பையனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எங்க ஓனரம்மாகிட்ட நான் அப்படித்தான் காரியம் சாதிச்சேன்.

#18 மாடிக்குக்கீழே

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் ஆச்சு, நிலவரம் சொல்றேன்.

கொத்தனார் மகன் சொன்னது சரி. மேல் வீட்டுக்காரங்க திருச்செந்தூர் போன வாரம் சுவர் கொஞ்சம் வெளுத்தது. ஓனர்கிட்ட பையனைக் கூட்டிக்கிட்டுப் போனேன் (17க்கு நன்றி). ஆள் அனுப்பினார். நஹானி ட்ராப்பைச் சுத்திக் கொத்திப் பார்த்தா சிமென்டே இல்லை, வெறும் மணல். இத்தனை வருஷமா அந்த வீட்டுத் தண்ணி முழுக்க எங்க சுவத்துலதான் இறங்கியிருக்கு. செலவுல பாதி எங்க தலையில, பேரம் பேசத் தெம்பில்லை. பட்டியைச் சுரண்டி எடுத்து செங்கல் தெரிய விட்டிருக்கோம். ஒம்போது அங்குலச் சுவர், அங்குலத்துக்கு ஒரு மாசம்னு கணக்குப் போட்டு, புரட்டாசி வரைக்கும் பெயின்ட் பேச்சே வேண்டாம்னுட்டார் மேஸ்திரி.

பையன் இப்ப ஹால்ல படுக்கறான். கொசுவர்த்தி இல்லை. ஜன்னலுக்கு வலை அடிச்சுத் திறந்து விட்டிருக்கோம், சாக்கடை நாத்தம் வருது, பழகிக்கிட்டோம். போன வாரம் ஒரு ராத்திரி இருமினான். இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்து தேங்கி நிக்கற பிளாஸ்டிக் குழல்) வெச்சுக் கொடுத்தேன், அடங்கிச்சு, ஆட்டோ கூப்பிடலை. குளிர்காலம் இன்னும் முடியலை, அதனால சரியாயிடுச்சுன்னு சொல்ல பயமா இருக்கு.

கணக்குப்பிள்ளை அண்ணே, எங்கப்பா ஊர்லேர்ந்து வந்தவர் அந்த ரூம்ல ஒரு ராத்திரிதான் படுத்தார். காலைல அவரும் இன்ஹேலர் பம்ப் தேடினார்.

#19 கணக்குப்பிள்ளை

சரிப்பா. ஜன்னல் வலை எது போட்டே? ஒட்டுற வெல்க்ரோவா, அலுமினிய ஃப்ரேமா? என் பேத்தி ரூமுக்கும் ஒண்ணு வேணும்.